மார்ச் முப்பத்தொன்றுக்குள்

மார்ச் 3, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தது யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள். ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். கர்னல் ஹாஸ்கெல் வீட்டில் யாரிடமும் வேண்டவே வேண்டாம்.

அவர்தான் அப்பாவின் படைப்பிரிவுத் தலைவர். அப்பா மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியக் கூடாதாம். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒருத்தன் வேலையை விட்டுப் போகப்போறான்னு காத்துல வந்தாப் போதும், அன்னிக்கே அவனைப் பட்டியல்லேருந்து அடிச்சிடுவாங்க. நல்ல விமானம், நல்ல வேலை எல்லாம் படையிலேயே இருக்கப்போறவனுக்குத்தான். அதனால நீ வாயைத் திறக்காதே, டெல்லா."

திறக்க மாட்டேன். அதற்காகத்தான் இந்த நோட்டு.

கடிதம் இன்று வந்தது. இன்னும் எட்டு வருடம் விமானப்படையிலேயே இருப்பேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டால், சம்பளம் போக வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம் டாலர். போடாவிட்டால் ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவு வரை நேரம்.

"ஏர்லைன்ஸுக்குப் போனா மூணாவது வருஷமே அதைவிட ஜாஸ்தி வரும், கர்டிஸ். கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருப்ப."

"புதுசாச் சேர்ந்தவனை எந்த ஏர்லைன்ஸும் கிறிஸ்துமஸுக்கு வீட்ல விடாது, ரெனாட்டா."

"சரி, யாரும் உன்மேல சுடவாவது மாட்டாங்க இல்ல?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை உப்புப் புட்டிக்கு அடியில் வைத்தார்கள்.

எனக்கு எது வேண்டும்? இருந்தால் பயம். போனாலும் ஏனோ பயம். போன வருடம் நூற்று எழுபது நாள் அப்பா வீட்டில் இல்லை. இது எனக்கு ஆறாவது பள்ளிக்கூடம். ஆனால் விமானம் ஓட்டாத அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதே.

மார்ச் 7, சனி

இன்று குடும்பங்களை எல்லாம் விமானக் கொட்டகைக்குள் விட்டார்கள். அப்பாவின் டேங்கருக்குள் ஏறினேன். ஆகாயத்தில் பறந்துகொண்டே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுப்பதுதான் அதன் வேலை. இது எனக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரியும். ஆனால் வாலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பள்ளத்துக்குள் இன்றுதான் போனேன்.

எரிபொருள் குழாயை இயக்குவது சார்ஜென்ட் ப்ரூயிட். எப்போதும் சூயிங்கம் மெல்லும் அக்கா. "குப்புறப் படு. தாடையை இந்த மெத்தையில வை. ம், இப்ப இந்த விமானத்துக்கு நீதான் மகாராணி" என்றாள்.

முகத்துக்கு நேரே கண்ணாடி. கீழே கொட்டகையின் சிமெண்டுத் தரைதான் தெரிந்தது. ஆனால் அவள் பேசப் பேசத் தரை காணாமல் போய்விட்டது.

"இந்தக் கண்ணாடிக்குக் கீழே இருபதடியில இன்னொரு விமானம் வந்து நிக்கும். நிக்கும்னா, ரெண்டு பேரும் மணிக்கு முந்நூறு மைல் வேகத்துல போய்க்கிட்டேதான். ஓட்டுறவனோட கண்ணு தெரியும். சவரம் பண்ணானா இல்லையான்னுகூடத் தெரியும். உங்கப்பா முன்னாடி உக்காந்து விமானத்தை அசையாம வெச்சிருக்கணும். மத்தவங்க ஓட்டுனா நான் என் வயித்தைப் பிடிச்சிக்குவேன். உங்கப்பா ஓட்டுனா காபிக் கப்பைப் பக்கத்துல வெச்சுட்டு வேலை பார்ப்பேன்."

பிறகு ஒன்று சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கடலுக்கு மேலே, புயலில், ஒரு போர் விமானம் வந்ததாம். இன்னும் எட்டு நிமிடத்துக்குத்தான் அதில் எரிபொருள். கீழே இறங்க இடமில்லை. மூன்று தடவை குழாய் விலகிப் போனது. நான்காவது தடவை அப்பா மேகத்துக்குள்ளேயே விமானத்தைத் திருப்பி, காற்று அடங்கிய ஒரு இடுக்கைத் தேடிப் பிடித்தாராம். நிரம்பியதும் அந்த விமானம் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். அது யாரென்று இன்றுவரை தெரியாது.

அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்திருப்பார்? புல் வெட்டியிருப்பார். எங்கோ ஒருவர் இப்போது உயிரோடு பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் காரணம் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறவர்.

மார்ச் 14, சனி

பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, விமானத்தில் செய்வதை எல்லாம் வெறும் கையால் செய்து பழகுவார்கள். காலையில் அப்பா கார் ஷெட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு காகிதத் தட்டு. அதுதான் ஸ்டியரிங். வலது கை காற்றில். உதடு அசைந்தது. கால் இரண்டும் தரையை மெல்ல அமுக்கின. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரிக்கொண்டிருந்தார், அது அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. அவர் ஷெட்டில் இல்லை. எங்கோ மேலே இருந்தார். கோயிலுக்குள் நிற்பதுபோல நான் கதவோரமாக நின்றேன்.

சின்ன வயதில் நான்தான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, செய்ய வேண்டியதை எழுதிய அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். அதனால் அந்த வலது கையை எனக்குத் தெரியும். டேங்கருக்கு நான்கு எஞ்சின். எஞ்சினுக்கு ஒன்றாக நான்கு பிடிகள். உள்ளங்கையை அகல விரித்துத்தான் பிடிக்க முடியும்.

இன்று கை விரியவில்லை. குறுகலாக மூடியது. இரண்டே இரண்டு பிடி.

இரண்டு எஞ்சின் விமானம் யாரிடம் இருக்கிறது? ஏர்லைன்ஸிடம்.

அப்பா முடிவு செய்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம்கூடச் சொல்லாமல்.

மார்ச் 16, திங்கள்

நான் என்ன செய்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும். ப்ரின் ஹாஸ்கெல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கர்னலின் மகள். ரோலைப் பிய்த்துச் சில்லியில் முக்கிக்கொண்டே, "ஏய், நீ ஸ்பிரிங் நாடகத்துக்குப் பேர் குடுக்காதே. கோடையில உங்க குடும்பம் இங்க இருக்காது" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரை எந்த ஊருக்கு அனுப்புறதுன்னு எங்கப்பாதானே எழுதுறாரு. உங்கப்பா பேரும் பட்டியல்ல இருக்கு. மூட்டையைக் கட்டுடி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு பள்ளிக்கூடம். ஆறு தடவை மூட்டை.

"எங்கப்பாவை உங்கப்பா எங்கேயும் அனுப்ப முடியாது. அவரு வேலையை விட்டு ஏர்லைன்ஸுக்குப் போறாரு. இப்பவே பழகிக்கிட்டிருக்காரு, நான் கண்ணால பார்த்தேன்."

ப்ரின் மெல்லுவதை நிறுத்தினாள். "நெசமாவா?"

"நெசம்தான்."

சொல்லி முடித்ததும் அம்மாவின் குரல் காதில் கேட்டது. காத்துல வந்தாப் போதும்.

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காது.

மார்ச் 19, வியாழன்

நடந்துவிட்டது.

அப்பா சீருடையைக்கூட மாற்றவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சொன்னார். "ஹாஸ்கெல் கூப்பிட்டாரு. 'வெளியே போறியாமே, கர்டிஸ், வாழ்த்துகள்'ன்னாரு. நான் எங்கேயும் போகலைங்கன்னேன். சிரிச்சாரு. இப்ப யாரு உண்மையைச் சொல்றாங்க, எல்லாரும் இதைத்தானே சொல்வாங்கன்னு. புது டேங்கருக்கு வேற ஆளு பேரை எழுதிட்டாராம்."

"எந்தப் புது டேங்கர்?" என்றாள் அம்மா.

"ரெண்டு எஞ்சின் டேங்கர், வேற ஊர்ல. அதுக்கு என் பேரு போகுதுன்னு ரெண்டு வாரம் முன்னாடி சொன்னாரு. உறுதியானதும் உன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அது கிடைச்சாக் கையெழுத்துப் போடறதுன்னு நெனச்சேன். ராத்திரி பகலா அந்தப் புத்தகத்தைத்தானே உருட்டிக்கிட்டிருந்தேன், ஷெட்ல உக்காந்து பைத்தியக்காரன் மாதிரி."

இரண்டு பிடி.

ரெண்டு பிடின்னா ஏர்லைன்ஸ்தான்னு எவ சொன்னா? நான்தான். நானே பார்த்து, நானே முடிவு பண்ணி, நானே போய்ச் சொல்லி. கடவுளே.

அப்பா அம்மாவையே பார்த்தார். "திங்கட்கிழமை நீ ஹாஸ்கெல் பொண்டாட்டிகூடக் காபி குடிச்ச."

"குடிச்சேன். கேக்கும் தின்னேன். அதுக்கு?"

"நான் போகணும்னு நினைக்கிற ஒரே ஆளு நீதான், ரெனாட்டா."

நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மறுக்க வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் என் பக்கம் வந்தது. என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஆமா" என்றாள். "நான்தான் சொன்னேன்."

அவ்வளவு பெரிய பொய்யை, தண்ணீர் டம்ளரைக் கீழே வைப்பதுபோல வைத்தாள்.

அப்பா போர்வையை எடுத்துக்கொண்டு கீழ் சோபாவுக்குப் போனார்.

மார்ச் 20, வெள்ளி

சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா என்னைக் காரில் ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். இந்த மாதம் கொக்குகள் வந்து இறங்கும் காலம். நெப்ராஸ்காவில் யாருக்கும் இது புதிதில்லை. ஆனாலும் சூரியன் மறையும்போது தெற்கே வானம் கோடுகோடாக நகர ஆரம்பித்ததும் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரம், பத்தாயிரம், எண்ண முடியாமல். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. ஒவ்வொன்றும் காலைத் தொங்கவிட்டு, இறக்கையை விரித்து, மணல் திட்டில் ஒன்றின் மேல் ஒன்று மோதாமல் இறங்கியது.

"அதோ பாரு" என்றாள் அம்மா. மிக மேலே ஒரு விளக்கு மெதுவாக வட்டமிட்டது. "உங்கப்பா. பறவை எல்லாம் இறங்கி முடியறவரைக்கும் அவரு இறங்கக் கூடாது."

அத்தனை கொக்குக்கும் அப்பா வழி விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

"நான்தாம்மா ப்ரின்கிட்டச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் வீட்ல யாரு மிச்சம், நம்ம ஃப்ரிட்ஜா?"

"ஏம்மா பொய் சொன்ன?"

"என்மேல கோபப்பட்டு அவருக்குப் பழக்கம். எனக்கும் வாங்கிப் பழக்கம். உன்மேல கோபப்பட்டுட்டா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க. தவிர, அது முழுப் பொய்யும் இல்லடி. ரெண்டு வருஷமா நான் மனசுக்குள்ள தினம் ஹாஸ்கெல் வீட்டுக்குப் போய் அதையேதான் சொல்லிட்டு வரேன்."

"நான் அப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன்."

அம்மா நர்ஸ். வலிக்குமா என்று கேட்டால் நோயாளிகளிடம் இந்தக் குரலில்தான் பேசுவாள்.

மார்ச் 24, செவ்வாய்

பஸ்ஸில் ப்ரின்னிடம் போய், நான் சொன்னது தப்பு, உங்கப்பாவிடம் சொல் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"பட்டியல் போன வாரமே மேலிடத்துக்குப் போயாச்சு. நான் வேணும்னு பண்ணல டெல்லா, சத்தியமா. சாப்பிடும்போது அப்பா உங்கப்பாவைப் பத்தித்தான், 'டாலிவர்தான் முதல் பேரு, அவனை மாதிரி ஆளு கிடையாது'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. என் வாய்தான் சும்மா இருக்கல, நீ சொன்னதை உளறிட்டேன்."

முதல் பேர்.

மார்ச் 26, வியாழன்

அப்பா ஏர்லைன்ஸ் விண்ணப்பத்தை அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். கடிதம் இன்னும் உப்புப் புட்டிக்கு அடியில். "அவங்களும் நான் போகணும்கிறாங்க. வீட்லயும் நான் போகணும்கிறாங்க. போறேன்" என்றார், சுவரைப் பார்த்து. அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரவு தாண்டிவிட்டால் முடிந்தது. நான் சொன்ன பொய்யையும் அம்மா சொன்ன பொய்யையும் நம்பி அப்பா ஆகாயத்தை விட்டுப் போய்விடுவார். வாழ்நாள் முழுக்க அம்மாதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அம்மாவும் வாயைத் திறக்க மாட்டாள்.

இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா வாரக்கடைசி ஷிப்டுக்குப் போயிருந்தாள். அப்பா காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ கழற்றிக்கொண்டிருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது. அதனால் பூட்ஸைப் பார்த்துச் சொன்னேன். சில்லி, சினமன் ரோல், மூட்டை, எல்லாம். அம்மா சொன்னது பொய் என்பதையும்.

இரும்புச் சத்தம் நின்றது.

"எதை வெச்சு நான் போறேன்னு முடிவு பண்ண?" குரல் மட்டும் வந்தது.

"உங்க வலது கை. நாலு பிடிக்குப் பதிலா ரெண்டு பிடிச்சீங்க."

அப்பா மெதுவாக வெளியே நகர்ந்து வந்தார். நெற்றியில் கிரீஸ். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறவர் பார்க்கிற பார்வை இல்லை. அது எப்படிப்பட்ட பார்வை என்று எழுதத் தெரியவில்லை. தெரியாத மொழியில் யாரோ தன் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

"வெறும் கையைப் பார்த்தா?"

தலையாட்டினேன்.

"உங்கம்மாவுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. படிக்கட்டுல என்னைப் பார்த்ததுமே."

அப்பா மறுபடி தரையில் மல்லாந்தார். காருக்கு அடியில் போகவில்லை. ஷெட்டின் கூரையைப் பார்த்தபடி, "டெல்லா, அந்தப் பெரிய ஸ்பானரை எடு" என்றார். கொடுத்தேன். வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

அப்பா விடியற்காலையிலேயே பறக்கப் போய்விட்டார். அம்மா வந்தபோது அவர் இல்லை. அவர் வந்தபோது அம்மா தூங்கினாள். அப்பா படுக்கையறைக் கதவு வரை போய், கைப்பிடியைத் தொட்டு, திரும்பி சோபாவுக்கு வந்தார். நான் பார்த்தேன்.

நாளைதான் கடைசி.

மார்ச் 31, செவ்வாய்

மணி பத்தே முக்கால். தூங்கப் போகச் சொல்லிவிட்டார்கள். என் அறைத் தரையில் சூடான காற்று வரும் ஓட்டை இருக்கிறது. அதில் காதை வைத்தால் சமையலறை கேட்கும். கேட்டுக்கேட்டு எழுதுகிறேன்.

"பத்து நாள் உன் முகத்தைப் பார்க்காம சாப்பிட்டேன், ரெனாட்டா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் பார்க்க வெட்கமா இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நீ மெல்லுற சத்தம் தாங்காது."

நாற்காலி இழுபடும் சத்தம்.

"புது டேங்கர் போயிடுச்சு. இனிமே வராது. இருந்தா, இந்தப் பழசுலயேதான். நீ சொல்லு, அதைச் செய்றேன். இந்தத் தடவை நீ சொல்றதுதான்."

"வேண்டாம். என் தலையில கட்டாதே." அம்மா குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா நீ போகணும்னு நான் வேண்டிக்கிட்டிருக்கேன், உனக்கே தெரியும். ஆனா நீ போறதா இருந்தா நீயாப் போகணும், கர்டிஸ். நானும் ஒரு சின்னப் பொண்ணும் பின்னாலேருந்து தள்ளி நீ போகக் கூடாது. மெய்யா என்ன வேணும்னு சொல்லு."

ஓட்டையில் காதை இன்னும் அழுத்தி வைத்தேன்.

"பறக்கணும்" என்றார் அப்பா. சின்னப் பையன்போலச் சொன்னார்.

பதினொன்றும் ஆகிவிட்டது.

"எட்டு வருஷம் என்னால முடியாது."

"எட்டுக்குப் பதிலா நாலு வருஷத்துக்கும் போடலாம், பணம்தான் குறையும். அவ ஸ்கூல் முடியறவரைக்கும். இங்கேயே இருக்கலாம்."

"நாலு வருஷம்னா நாலு கிறிஸ்துமஸ். எத்தனைக்கு வீட்ல இருப்ப?"

"தெரியல."

"நல்லவேளை, பொய் சொல்லல. கம்ப்யூட்டரைத் திற."

திறக்கிறார். விசைகள் தட்டுப்படுகின்றன. அம்மா ஏதோ எண்ணை வாசித்துச் சொல்கிறாள், அவர் அடிக்கிறார். வேண்டாம் என்றவளே வாசிக்கிறாள். ஒரு இடத்தில், "பேரைத் தப்பா அடிச்சிட்டீங்க மேஜர், உங்க பேரையே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்கள்! மேலே, கண்ணுக்கெட்டாத உயரத்தில், இரண்டு விமானங்கள் குழாயால் பூட்டிக்கொண்டு போவதைக்கூட நான் நம்பிவிடுவேன். இதை எப்படி நம்புவது? யாரும் ஜெயிக்கவில்லை. யாரும் விட்டுக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. அப்படி ஒரு முடிவு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

பதினொன்று இருபது. அச்சு எந்திரம் ஓடுகிறது. நின்றது. விளக்கை அணைக்கிறார்கள்.

படியில் காலடிச் சத்தம். அப்பா சோபாவுக்குப் போகவில்லை. இரண்டு பேருடைய சத்தமும் சேர்ந்து வருகிறது. அவர்கள் அறையைத் தாண்டிவிட்டார்கள். இங்கேதான். என் கதவுக்கடியில் நான்கு கால் நிழல். நோட்டை எங்கே வைப்பது, கதவைத் தட்டு